செங்கல் நிறக் கறை

அன்புள்ள மகளுக்கு,

பிறந்த குழந்தையின் டயப்பரில் செங்கல் நிறத்தில் கறை என்று பதறி எழுதியிருந்தாய். டாக்டர் பார்த்துவிட்டு ரத்தமில்லை என்று சொன்ன பிறகும் நீ உறங்கவில்லையாம். அது சிறுநீரில் படியும் யூரேட் உப்பு. பால் நன்றாகச் சுரக்கத் தொடங்காத முதல் சில நாட்களில் பல குழந்தைகளுக்கு வரும். பால் கூடியதும் மறைந்துவிடும். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் தெரிந்தால் மட்டும், வயிறு நிறையவில்லையோ என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளில் 6 டயப்பராவது நனைய வேண்டும். எண்ண வேண்டியது அதைத்தான். இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். பெண் குழந்தை என்பதால் முதல் வாரத்தில் வெள்ளையாகவோ, ஒரு துளி ரத்தமாகவோ டயப்பரில் பட்டாலும் படும். வயிற்றுக்குள் இருந்தபோது உன்னிடமிருந்து கிடைத்த ஹார்மோன் குறைவதால் வருவது அது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, போதும்.

மலத்தின் நிறத்தைப் பற்றி உன் கணவர் தனியாகக் கேட்டிருந்தார் (உனக்குத் தெரியாமலாம்!). முதலில் தார்போல ஒட்டும் கரும்பச்சை, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் இருக்கும், வயிற்றுப்போக்கு என்று மிரள வேண்டாம். ஆனால் சுண்ணாம்பாக வெளுத்துப் போனால் அன்றைக்கே காட்டுங்கள். பித்தநீர் குடலுக்கு வராததன் அறிகுறியாக இருக்கலாம். அதில் நாள் கடத்தக் கூடாது.

டயப்பர் மாற்றும்போது வீரிட்டு அழுவது பெரும்பாலும் வலியால் அல்ல. குளிர்காற்று படுகிறது, கைகால் பிடிமானமில்லாமல் அலைகிறது. குழந்தையின் மார்பின் மேல் ஒரு துண்டைப் போர்த்து, உன் கையைச் சூடாக்கிக்கொள், வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் முன்னிருந்து பின்னாகத் துடை. மடிப்புகளில் ஈரம் நிற்க விடாதே. பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம், யார் வாங்கிவந்து நீட்டினாலும் சரி. அந்தத் தூள் பிஞ்சு நுரையீரலுக்குள் போகும்.

தொப்புள்கொடி காயும்வரை டயப்பரின் மேல்விளிம்பை அதற்குக் கீழே மடித்துவிடு. தொட்டால் பிய்ந்துவிடுமோ என்று பயந்து சுற்றிச் சுத்தம் செய்யாமல் விடாதே. தானே விழும், நீ இழுக்கக் கூடாது. சுற்றிலும் தோல் சிவந்தாலோ சீழ் வைத்தாலோ எனக்கு எழுதிக்கொண்டிராமல் நேரே டாக்டரிடம் போ.

இரவில் ஒருமுறையாவது டயப்பர் மாற்ற உன் கணவரை எழுப்பு. அவர் கட்டும் டயப்பர் ஒருபக்கம் சரிந்தால் சரிந்துவிட்டுப் போகட்டும், நீ அவிழ்த்து மறுபடி கட்டாதே.

அன்புடன்,
அம்மா