ஹாமூன் ஏரிக்கும் ஒரு பங்கு: ஹெல்மண்ட் ஆற்று ஆணையர்களுக்குத் திறந்த மடல்

ஈரான், ஆப்கானிஸ்தான் அரசுகளின் சார்பில் ஹெல்மண்ட் ஆற்று நீரைக் கவனித்துவரும் மதிப்பிற்குரிய ஆணையர்களுக்கு வணக்கம்.

தண்ணீர்த் தகராறு முற்றியிருந்த 2023 மே மாதத்தில், ஆப்கானிஸ்தானின் நிம்ரோஸ் மாகாண எல்லையில் இரு நாட்டுக் காவலர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டு உயிர்கள் போயின. முதலில் சுட்டது மற்றவர்தான் என்று இரு தரப்பும் சொன்னீர்கள். அந்தக் குற்றச்சாட்டுகளும் அவற்றுக்கான மறுப்புகளும் அடங்கிய பிறகாவது, ஹெல்மண்ட் போய்ச் சேரும் ஹாமூன் ஏரிக்கென்று நிலையான ஒரு நீர்ப்பங்கு எழுத்தில் வரும் என எதிர்பார்த்தேன்; வரவில்லை. ஏரியைச் சுற்றி இரு நாட்டிலும் பரந்த சீஸ்தானின் வரலாற்றை நெடுங்காலமாகப் படித்துவரும் தமிழ் வாசகன் என்ற முறையில், அந்தப் பங்கைக் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

1973-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததே. இயல்பான நீர்வரத்துள்ள ஆண்டில் நொடிக்கு 26 கன மீட்டர், அதாவது ஆண்டுக்குச் சுமார் 82 கோடி கன மீட்டர் நீர் ஈரானுக்கு வர வேண்டும். வரத்துக் குறைந்த ஆண்டுகளில் அதே விகிதத்தில் இதுவும் குறையும். வயலையும் வீட்டையும் மனத்தில் வைத்துப் போட்ட இந்தக் கணக்கில், ஆறு போய்ச் சேரும் ஏரிக்குத் தனி அளவு எதுவும் ஒதுக்கப்படவில்லை. வெள்ளத்தில் மிஞ்சுவது தானாக ஏரிக்குப் போய்விடும் என்று அன்று நினைத்திருக்கலாம். மேலே ஆப்கானிஸ்தானில் கஜகி அணையும், 2021-இல் திறக்கப்பட்ட கமால் கான் அணையும், கீழே ஈரான் பக்கம் சாஹ் நீமே நீர்த்தேக்கங்களும் இருக்கும் இன்றைய நிலையில் மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

சீஸ்தான் என்ற இந்த எல்லைப்புற மாகாணத்தை ஆண்ட பேரரசுகளின் பட்டியல் மிக நீளமானது. பாரசீகப் பேரரசர் தாரியஸ் பெஹிஸ்தூன் பாறையில் பொறித்த நாடுகளின் வரிசையில் ஸ்ரங்கா என்ற பெயரில் இது இடம்பெற்றிருக்கிறது. கி.மு. 330-இல் அலெக்சாண்டர் இங்கே தங்கியிருந்தபோதுதான் தம் தளபதி ஃபிலோட்டஸைக் கொல்லச் செய்தார். பின்னர் சகர்கள் வந்து குடியேற, அவர்கள் பெயரால் இது சகஸ்தான் ஆனது. பார்த்தியர் காலத்தில் இந்தப் பகுதியிலிருந்து எழுந்து இந்தியாவின் வடமேற்கு வரை ஆண்ட கோண்டோஃபாரஸ் மன்னரின் பெயர் தோமையார் கதையில் வருவதால், பரங்கிமலைக்குச் சென்று வழிபடும் எங்கள் ஊர்க் கிறித்தவர்களுக்கும் அது புதிதன்று. சாசானியர்கள் தங்கள் இளவரசர்களையே சகர்களின் அரசர் என்ற பட்டத்துடன் இங்கே அமர்த்தினார்கள். அரபுப் படைகள் ஏழாம் நூற்றாண்டின் நடுவில் ஜரங் நகரைப் பிடித்தன. 861-இல் செம்புக் கொல்லரான யாகூப் இப்னு லைஸ் அதே நகரில் ஆட்சியைக் கைப்பற்றி, பாக்தாத்தின் கலீபாவையே எதிர்த்து நிற்கும் அளவுக்கு வளர்ந்தார்.

இத்தனை பேர் இந்த மண்ணை விரும்பியதற்குக் காரணம், பாலைவனத்தின் நடுவில் ஓர் ஆறு வந்து விரிந்த வண்டல் நிலமும் அதன் கோடியில் தேங்கிய ஏரியும்தான். ஆறு தடம் மாறியபோதெல்லாம் மக்களும் ஊரைக் காலி செய்திருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் தழைத்திருந்த ஷஹ்ரே சூக்தே நகரம் கைவிடப்பட்டதற்கும், தாரியஸின் வம்சமான அகமனியர் கட்டிய தஹானே குலாமான் நகரம் வெறுமையானதற்கும் நீர்வரத்து மாறியதே முக்கியக் காரணம் என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். அவை இயற்கையின் செயல்கள். 1383-இல் தைமூர் ஜரங்கை அழித்ததும், அவர் மகன் ஷாருக் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அணைகளை உடைத்ததும் மனிதர் செய்தவை. அந்த அடியிலிருந்து சீஸ்தான் பழைய நிலைக்கு மீளவே இல்லை. சீஸ்தானின் பழைய வரலாற்று நூல் இந்த நாடு செழிக்க மூன்றைக் கட்ட வேண்டும் என்கிறது: நீரைக் கட்ட வேண்டும், மணலைக் கட்ட வேண்டும், தீயவரைக் கட்ட வேண்டும். நீங்கள் முதலாவதை மட்டும் மிகத் திறமையாகச் செய்கிறீர்கள். மணலை யார் கட்டுவது?

மணல் என்று சொன்னதை விளக்க வேண்டும். மே இறுதியிலிருந்து செப்டம்பர் வரை வீசும் நூற்றிருபது நாள் காற்று சீஸ்தானுக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் புவியியலாளர்கள் இங்கே காற்றாலைகளைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஏரியில் நீர் இருந்தவரை அந்தக் காற்று குளிர்ந்து வந்தது. காற்று வரும் பக்கத்துச் சன்னலில் ஒட்டகமுள் செடியைத் திணித்து, அதன்மீது தண்ணீர் தெளித்துவிட்டால் கோடை நண்பகலிலும் வீட்டுக்குள் படுத்து உறங்க முடிந்தது. காற்றுக்காகத் திறந்து வைத்த அதே சன்னலை இன்று காற்றுக்குப் பயந்து துணியும் மண்ணும் வைத்து அடைக்கிறார்கள். வறண்ட ஏரிப்படுகையின் உப்பும் தூசும் மூச்சில் ஏறுகின்றன. 2016-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட பட்டியலில் ஈரானியச் சீஸ்தானின் ஜாபோல் நகரின் நுண்துகள் அளவு கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரியாக 217 மைக்ரோகிராம். அன்றைய பரிந்துரை வரம்பு 10. பெரிய ஆலைகள் இல்லாத ஓர் ஊர் அந்தப் பட்டியலின் தலையில் நின்றது. நாணற்கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய தூதின் படகில் கழியூன்றிச் சென்று மீன் பிடித்தவர்களும், நாணற்காட்டில் மாடு மேய்த்தவர்களும், பாய் முடைந்த பெண்களும் ஒரே ஏரியை நம்பியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வறட்சியோடு அவர்களில் பலர் ஊரை விட்டார்கள்.

இந்த நிலையில் கமால் கானிலிருந்து நீர் கோதே ஸிரேயின் உப்புப் பள்ளத்துக்குத் திருப்பிவிடப்படுவதை எந்த வகையில் ஏற்றுக்கொள்வது? அங்கே அது யாருக்கும் பயன்படாமல் ஆவியாகிறது. ஆப்கானிஸ்தானின் ஆணையர் வறட்சியைச் சொல்கிறார். வறட்சி உண்மைதான், ஆனால் பள்ளத்தில் கொட்டும் அளவுக்கு நீர் இருந்த நாட்களும் உண்டு. ஈரானின் ஆணையரும் இதில் தப்ப முடியாது. வந்த வெள்ளத்தை ஏரிக்கு விடாமல் சாஹ் நீமேவில் நிரப்பி, ஜாஹெதான் நகர் வரை குழாயில் கொண்டுசெல்வது உங்கள் தரப்புதான். குடிநீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏரிக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டு எடுங்கள் என்பதே கோரிக்கை.

எல்லைக்கோட்டை வைத்து ஆற்றை ஆள முடியாது என்பதற்கு உங்கள் கோப்புகளே சான்று. 1872-இல் பிரிட்டிஷ் அதிகாரி கோல்ட்ஸ்மித் நடுவராக வந்து சீஸ்தானை இரண்டாகப் பிரித்தார். 1896-இல் ஆறு தடம் மாறிப் பாய்ந்தது. மற்றொரு பிரிட்டிஷ் அதிகாரியான மக்மஹோன் வந்து மறுபடி அளந்து 1905-இல் சொன்ன நீர்ப்பங்கீட்டை ஈரான் ஏற்கவில்லை. அன்றிலிருந்து ஆணையங்கள் மாறின, ஆட்சிகள் கவிழ்ந்தன, மன்னராட்சி போய்ப் புரட்சிகள் வந்தன, பேச்சு மட்டும் கன மீட்டரை விட்டு நகரவில்லை. ஜரதுஷ்டிர மரபில் உலகை மீட்க வருபவர் பிறக்கப்போவது இந்த ஏரியின் நீரிலிருந்துதான். ஏரியின் நடுவில் எழும் கூஹே ஹ்வாஜா மலையை அந்த நம்பிக்கையோடு தேடி வந்தவர்களும், பிற்காலத்தில் அங்குள்ள தர்காவுக்கு வந்த முஸ்லிம்களும் ஏரியில் நீர் நிறைந்திருந்தபோது படகில்தான் சேர்ந்தார்கள்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த கூட்டத்தில் ஹாமூனின் நீர்ப்பங்கை நிகழ்ச்சி நிரலில் தனிப் பொருளாகச் சேர்த்து, உடன்படிக்கையுடன் இணைப்பாக எழுதிக் கையெழுத்திடுங்கள். ஆப்கானிஸ்தானில் ஆற்றின் வரத்தை அளக்கும் தெஹ்ராவூத் அளவை நிலையத்தின் நீர்க்கணக்கை மாதந்தோறும் பாரசீகத்திலும் பஷ்தோவிலும் பலூச்சியிலும் வெளியிடுங்கள். உப்புப் பள்ளத்துக்குத் திருப்பும் நீரை, வெள்ளக் காலத்திலாவது, ஏரிக்கு விடுங்கள். இந்த மூன்றில் முதலாவது மட்டுமே இந்த ஆண்டு இயலுமென்றால், அதையாவது செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சீஸ்தான் வரலாற்றின் தமிழ் வாசகன்