அக்கா மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள்

அன்பு மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போட முடியாமல் போனது அக்காவால்தான். நாலு வருஷத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தாள். போன மாதம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்தார், நாங்களும் நம்பினோம். படுத்தால் மூச்சு முட்டும். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே ஸ்டூலில் தலையணையைப் போட்டு அதன்மேல் கவிழ்ந்துதான் தூங்குவாள். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. தினம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லையே!

கடைசியில் எக்கோ எடுத்தோம். திரையில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். நடுவில் இதயம், கிணற்றில் விட்ட வாளி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. கறுப்பு முழுக்க நீர். இதய உறைக்குள் எல்லோருக்கும் சில ஸ்பூன் நீர் உண்டாம். இவளுக்குப் புற்று அந்த உறைக்குப் பரவி, நீர் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. சுற்றிலும் நீர் அழுத்தினால் இதயம் விரிந்து ரத்தத்தை வாங்க முடியாது. அன்றே நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி போட்டு 700 மில்லி எடுத்தார்கள். நாவல்பழச் சாறு நிறம். பாதி எடுக்கும்போதே "காபி கிடைக்குமா?" என்றாள்.

இதயத்துக்குக் கேன்சரே வராது என்று டீக்கடையில் அடித்துப் பேசுவோமே, அது பாதிதான் சரி. அங்கேயே தொடங்குவது மிக அபூர்வம். வேறு உறுப்பிலிருந்து வந்து சேர்வது அதைவிடப் பல மடங்கு அதிகம். நுரையீரல், மார்பகம், ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று எல்லாம் வரும்; தோலில் வரும் மெலனோமாவுக்கு இதயத்தின் மேல் தனிப் பிரியம். சிறுநீரகப் புற்று பெரிய சிரைக்குள் கொடி மாதிரி ஏறி, வலது மேலறைக்குள்ளேயே எட்டிப் பார்க்குமாம். பலருக்கு உயிரோடு இருக்கும்வரை தெரிவதே இல்லை.

எடுத்த நீரில் புற்று செல் இருக்கிறது. மறுபடி ஊறினால் உறையில் சின்னதாகத் துளை போட்டு வடிய விடுவார்களாம். மருந்தை மாற்றியிருக்கிறார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அத்தான் மட்டும் வராந்தாவில் டாக்டரைத் தனியாகப் பிடித்தார். வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஒற்றைத் தலையணையில் மல்லாந்து தூங்கினாள், குறட்டை வேறு. பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, முடிந்தால் முன்னாலேயே வா. உன்னை விசாரித்தாள். தன் சைக்கிள் பெல்லைக் கழற்றியது நீதான் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான்தான் என்று சொல்லவில்லை.

உன்
பழைய மாப்பிள்ளை