கல்லூரியில் சேரட்டுமா என்று கேட்கும் மாணவருக்குக் கணக்கைக் காட்டுங்கள்

பள்ளி இறுதி வகுப்புகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். "கல்லூரியில் சேரட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?" என்று மாணவர் கேட்டால், "ஒரு டிகிரி இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இதைச் சொல்ல வழிகாட்டி எதற்கு? எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு, இவர் அதை முடிப்பாரா என்ற மூன்றும் தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

மருத்துவம், செவிலியம், சட்டம் போன்றவற்றைத் தனியே எடுத்து வைத்துவிடலாம். உரிமம் இல்லாமல் அந்தத் தொழில்களைச் செய்ய முடியாது. உரிமத்துக்குப் படிப்பு வேண்டும். அங்கே எந்தக் கல்லூரி, என்ன செலவு என்பது மட்டுமே பேச்சு. மற்ற படிப்புகளுக்கு ஒரு தாளை எடுங்கள்.

செலவு என்றதும் எல்லோரும் கட்டணத்தை எழுதுவார்கள். பல சமயம் அதைவிடப் பெரிது, படிக்கும் காலத்தில் கைவிட்டுப்போகும் சம்பளம். சாப்பாட்டையும் வாடகையையும் முழுதாகச் சேர்க்காதீர்கள். வேலைக்குப் போனாலும் அவை உண்டு. விடுதியால் கூடும் தொகை மட்டும் போதும். பள்ளிப் படிப்போடு வேலைக்குப் போகிறவரின் ஓராண்டுச் சம்பளத்தை 1 என்று வையுங்கள். கட்டணம் ஆண்டுக்கு 0.5 என்றால், நான்கு ஆண்டுகளுக்கு 2. இழந்த சம்பளம் 4. மொத்தம் 6. பட்டம் பெற்றவர் 40% கூடுதலாகச் சம்பாதித்தால், போட்டது திரும்ப 15 ஆண்டுகள். வட்டியையும் சம்பள உயர்வையும் சேர்க்காத கணக்கு இது. அரியர் வைத்துப் படிப்பு ஐந்தாண்டாக நீண்டால் 18.75 ஆண்டுகள். ஒரே ஓராண்டுத் தாமதம் இவ்வளவு இழுக்கிறது. இதை யாரும் மாணவரிடம் சொல்வதில்லை.

கடனில் படிப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு வேண்டும். இங்கே வாங்கும் கடன் மொத்தம் 100 என்று வையுங்கள். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 25 வீதம், 10% கூட்டு வட்டிக்கு நான்கு ஆண்டுகள் வாங்கி, படிக்கும்போது எதுவும் கட்டாமல் இருந்தால், முடிக்கும் நாளில் கடன் 100 அல்ல, சுமார் 128. அதைப் பத்து ஆண்டு மாதத் தவணையில் அடைத்தால் மொத்தம் 202 அளவில் வரும். படிக்கும்போதே வட்டியை மட்டுமாவது கட்ட முடிந்தால் அந்த 28 ஏறாது.

எல்லாவற்றிலும் மோசமான முடிவு, சேர்ந்துவிட்டு நடுவில் நிற்பது. நான்கில் மூன்று ஆண்டு படித்தவருக்கு முக்கால்வாசிப் பலன் கிடைத்துவிடாது. படிப்பு திறமையைக் கூட்டாவிட்டாலும், வேலை தருபவருக்கு அது ஓர் அடையாளமாகச் செயல்படக்கூடும் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். நடுவில் நின்றவரிடம் அந்த அடையாளச் சீட்டு இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. ஆகவே கணிதத்தில் தடுமாறுகிறவரைப் பொறியியலில் தள்ளும் முன், அந்தத் துறையின் முதலாண்டுக் கணிதப் பாடநூலில் ஓர் அத்தியாயத்தைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். நுழைவுத் தேர்வு மதிப்பெண் சொல்லாததை அது சொல்லிவிடும்.

கல்லூரிகள் காட்டும் எண்களையும் நீங்கள்தான் பிரித்துக் காட்ட வேண்டும். "95% பேருக்கு வேலை" என்றால் எத்தனை பேரில்? சேர்ந்தவர்களிலா, வளாகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்தவர்களில் மட்டுமா? ஒருவருக்கு மூன்று அழைப்பு வந்தால் மூன்றாக எண்ணினார்களா? சராசரிச் சம்பளத்தை நம்பாதீர்கள். ஒன்பது பேருக்கு 3, ஒருவருக்கு 33 என்றால் சராசரி 6. ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 6 வாங்கவில்லை. சம்பளங்களை வரிசையாக எழுதினால் சரிநடுவில் வரும் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். சேர்ந்த நூறு பேரில் குறித்த காலத்தில் முடித்தவர் எத்தனை என்றும் கேளுங்கள். விளம்பரத் தாளில் அந்த எண் அநேகமாக இருக்காது.

கல்லூரி வேண்டாம் என்பவரையும் இதே கண்டிப்போடு விசாரியுங்கள். தொழிற்பயிற்சி என்றால் எத்தனை மாதம், உதவித்தொகை உண்டா, முடிவில் தரும் சான்றிதழை வேறு முதலாளிகள் ஏற்பார்களா? உடலுழைப்பு வேலையென்றால் நாற்பது வயதில் மேற்பார்வைக்கு நகர வழி இருக்கிறதா? "ஓராண்டு கழித்துச் சேர்கிறேன்" என்றால், இடத்தை ஒத்திவைக்கக் கல்லூரி சம்மதிப்பதை எழுத்தில் வாங்கட்டும். பட்டயம் முடித்துப் பிறகு பட்டப்படிப்புக்கு மாறும் எண்ணமிருந்தால், எந்தெந்தப் பாடங்கள் கணக்கில் வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். வாய்ப்பேச்சை நம்பியதால் ஒரே பாடத்தை இரண்டாம் முறை காசு கொடுத்துப் படிப்பவர்கள் உண்டு.

சேர்க்கைக் காலத்தில் கல்லூரிப் பிரதிநிதிகள் உங்கள் வகுப்பறைக்குள் வந்து பேச அனுமதி கேட்பார்கள். மேற்சொன்ன எண்களை எழுத்தில் தந்தவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.