டிசைன் குழுக்களுக்கு ஒரு மடல்: ஒப்புதல் வாங்கும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்

டிசைனர் நண்பர்களுக்கும், டிசைன் குழுக்களை நடத்துபவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வரையும் ஸ்கிரீன்களைக் கோடாக (code) மாற்றி, பிரவுசரில் ஓட வைத்துப் பிழைக்கும் ஃப்ரண்ட்-எண்ட் டெவலப்பர்களில் ஒருவன் எழுதுகிறேன். "நாங்கள் வரைந்தது ஒன்று, வந்து நிற்பது ஒன்று" என்பது உங்கள் தீராத வருத்தம். பெரும்பாலும் நியாயமான வருத்தம்தான். அந்த வித்தியாசம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. நாங்கள் முதல் வரி கோடு எழுதும் முன்பே, டிசைன் ஃபைல் எங்கள் கைக்கு வரும் நாளிலேயே, பாதி வித்தியாசம் நடந்து முடிந்திருக்கிறது.

ஸ்கிரீன்களை வரையும் கருவியான ஃபிக்மா 2016இல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டபோது, ஒரே ஃபைலைப் பலரும் ஒரே நேரத்தில் பிரவுசரிலேயே பார்க்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று, போட்டோஷாப் லேயர்களுக்குள் ஐகான்களைத் தேடி வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். 2023இல் அளவுகளையும் நிறங்களையும் பார்த்து எடுத்துக்கொள்ள, டெவலப்பர்களுக்கென்றே அதில் டெவ் மோடும் வந்தது. கருவி மாறியது, பழக்கம் மாறவில்லை. வாரக்கணக்கில் உங்களுக்குள் வரைகிறீர்கள், மேலே காட்டி ஒப்புதல் வாங்குகிறீர்கள், கடைசியில் லிங்க்கை அனுப்புகிறீர்கள். அதற்குப் பிறகு நாங்கள் என்ன கேட்டாலும் அது முட்டுக்கட்டையாகத்தான் காதில் விழும். எல்லாரும் தலையாட்டிய படத்தை மாற்றச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எங்களுக்கு எது சுலபம், எது கஷ்டம் என்பது படத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. தேடல் பக்கத்தின் மேலே "மொத்தம் இத்தனை முடிவுகள்" என்று ஒரு சின்ன வரி வைத்திருப்பீர்கள். டேட்டா பெரிதாக இருந்தால், முதல் இருபது முடிவுகளை எடுப்பதைவிட மொத்தத்தை எண்ணுவதற்கு டேட்டாபேஸ் அதிகம் உழைக்க வேண்டியிருக்கலாம். "ஆயிரத்துக்கும் மேல்" என்று போட்டால் போதுமா என்று முதல் வாரத்தில் கேட்டிருந்தால் பிரச்சினை ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அழுத்தினால் கீழே விரியும் தேர்வுப் பட்டியலான டிராப்டவுனும் அப்படித்தான். பிரவுசர் தரும் சாதாரண டிராப்டவுன் அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கீபோர்டில் இயங்குவது, பார்வையற்றோருக்கான ஸ்கிரீன் ரீடர் வாசிப்பது, போனில் அந்தந்த போனுக்குரிய வடிவில் திறப்பது எல்லாம் அதனுடன் சும்மா வருகிறது. நீங்கள் மூலைகளை வளைத்து நிழல் போட்டு வேறொன்று வரைந்தால், இத்தனையையும் நாங்கள் மறுபடி கட்ட வேண்டும். அனிமேஷனில் இன்னொரு விசித்திரம்: ஒரு கார்டு நகர்வதும் மங்குவதும் பிரவுசருக்கு எளிது, அதன் அகலமோ உயரமோ மெல்ல மாறுவது கடினம், சுற்றியுள்ளவற்றின் இடத்தையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் திரும்பக் கணக்கிட வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். விலை குறைந்த போனில் திணறுவது இங்கேதான்.

இதற்காக டிசைனர்கள் கோடிங் கற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழைய விவாதமே எனக்கு அலுத்துவிட்டது. பென்சில் கிறுக்கலாக இருக்கும்போதே எங்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும்.

அப்படி உட்கார்ந்தால் முதலில் பேச வேண்டியது, ஃபைலில் இல்லாத ஸ்கிரீன்களைப் பற்றி. உங்கள் பட்டியல் பக்கத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். ஆறு பேருக்கும் சிரித்த முகம், ஒரே நீளத்தில் பெயர். நிஜத்தில் முதல் நாள் அந்தப் பட்டியல் காலியாக இருக்கும். ஒருவர் படமே போட்டிருக்க மாட்டார். ஒருவரின் பெயர் இரண்டரை வரி போகும். நெட் பாதியில் அறுந்து பாதிப் பட்டியல் மட்டும் வரும். பட்டனை அழுத்தியவர் பதில் வருவதற்குள் மறுபடி அழுத்துவார். இரண்டு ஆர்டர் ஆகிவிடக் கூடாது. பார்க்க அனுமதி இல்லாதவர் லிங்க் வழியாக உள்ளே வருவார். நீண்ட படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு எழுந்து போனவர் திரும்பும்போது லாகின் காலாவதியாகியிருக்கும். அவர் தட்டியதெல்லாம் இருக்குமா, போய்விடுமா? இந்த ஓட்டைகளை யாராவது அடைத்தே ஆக வேண்டும். நீங்கள் அடைக்காவிட்டால் ரிலீசுக்கு முந்தைய இரவு நாங்கள் அடைப்போம். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று சிவப்பு எழுத்தில் எங்கும் காண்கிறீர்களே, அதன் பிறப்பிடம் பெரும்பாலும் அந்த இரவுதான்.

எல்லாவற்றையும் வரையத் தேவையில்லை. காலியாக இருந்தால் என்ன, தோற்றால் என்ன, அதிகமானால் என்ன என்று பக்கத்துக்கு நான்கு வரிக் குறிப்பு போதும். நிஜமான டேட்டாவைக் கேளுங்கள், தருகிறோம். 'லோரம் இப்சம்' என்ற பொருளற்ற மாதிரி எழுத்தை நிரப்பிய டிசைனில் தமிழை ஊற்றிப் பார்த்தால் தெரியும்: 'சப்மிட்' இருந்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' முட்டி நிற்கும், ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வரி உயரத்தில் 'கீ'யின் மேல் சுழியும் 'ஞூ'வின் கீழ் வளைவும் வெட்டுப்படும்.

நிறத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. வெள்ளையில் 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் எழுத்து உங்கள் மானிட்டரில் மென்மையாகத் தெரியும். ஆனால் அதன் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3:1ஐக்கூடத் தொடாது. இணையப் பக்கங்களை எல்லாரும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG) சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5:1. 767676 வரை இருட்டினால் தேறிவிடும். ஃபைலை அனுப்பும் முன் பார்த்துவிட்டால் பிறகு பிழைப் புகாராக (பக் டிக்கெட்) வராது.

இடைவெளிகளும் அப்படியே. ஓரிடத்தில் 16, அடுத்த இடத்தில் 15, இன்னொன்றில் 17 பிக்சல் இருந்தால், அது வேண்டுமென்று வைத்ததா, கை நழுவியதா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நிறத்துக்கும், பட்டன், கார்டு போன்ற காம்பொனென்டுக்கும் உங்கள் ஃபைலில் உள்ள பெயரே எங்கள் கோடிலும் இருக்கட்டும். பெயர் வைக்கும் நாளில் இரு தரப்பும் சேர்ந்து உட்காரலாம்.

எங்கள் தரப்பையும் சொல்லியாக வேண்டும். டெவலப்பர்கள் "முடியாது" என்பதை மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று அர்த்தங்கள் ஒளிந்திருக்கும்: ஒன்று, உண்மையிலேயே முடியாது; இரண்டு, முடியும், ஆனால் இந்த ஸ்பிரிண்டில் (ஓரிரு வார வேலைச் சுற்றில்) முடியாது; மூன்று, எனக்குப் பிடிக்கவில்லை. முதலாவது அபூர்வம். எது என்று விடாமல் கேளுங்கள். "இதில் எந்தப் பகுதிதான் அதிக நேரம் பிடிக்கிறது?" என்று கேட்டால் பல நேரம் ஒரு நிழலையோ ஒரு அசைவையோ விட்டுக்கொடுத்து மீதி அத்தனையையும் நீங்கள் காப்பாற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு, நாங்கள் கட்டியதைப் பார்த்துத் திருத்தம் எழுதும்போது, ரிலீசையே நிறுத்த வேண்டியது எது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது எது என்று பிரித்து எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் பார்க்காமல் கையில் போனை எடுத்து, வேகம் குறைந்த நெட்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைசியாகக் குழுத் தலைவர்களிடம் ஒரு கோரிக்கை. ஃபைல் எங்களிடம் வந்த மறுநாளே அந்த டிசைனரை அடுத்த புராஜெக்ட்டுக்கு மாற்றிவிடுகிறீர்கள். மேலே எழுதிய கேள்விகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான் முளைக்கின்றன. பதில் சொல்ல ஆள் இல்லை. அடுத்த அட்டவணை போடும்போது இரண்டு மாற்றம் செய்யுங்கள். டிசைன் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஒரு டெவலப்பரின் பெயரையும் எழுதுங்கள். ரிலீஸ் நாள் வரைக்கும் டிசைனரின் பெயரை எடுக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் அவர் எங்களுடன் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு ஃப்ரண்ட்-எண்ட் டெவலப்பர்