பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

நேத்து போன்ல நீ பேசுனதே மனசுல ஓடிக்கிட்டு இருந்துச்சு, ராத்திரி சரியா தூங்கல, அதான் காலைல வயலுக்குப் போய்ட்டு வந்ததும் உக்காந்து டைப் பண்றேன். நெல்லு வயல் தண்ணிய தீசிஸ்க்கு எடுக்க ஆசையா இருக்கு, ஆனா அது ஹைட்ராலஜி, அதான் நீரியல், டிபார்ட்மெண்ட் சமாச்சாரமான்னு தயக்கமா இருக்குப்பான்னு சொன்ன. கூட இருக்கறவங்கல்லாம் இமயமலை பனி, வெள்ளம்னு பெருசா எடுக்குறாங்கன்னும் சொன்ன.

உன்ன ரூர்க்கி ஐஐடில சேக்க வந்தப்ப சோலானி ஆத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கா? கீழ ஆறு, அதுக்கு மேல பாலம் கட்டி கங்கை கால்வாய் போவுது, பக்கத்துல கல்லு சிங்கம் உக்காந்திருக்கு. ஆத்துக்கு மேல வாய்க்கால் போறத நான் அன்னிக்குத்தான் பாத்தேன். 1837ல வடக்க வந்த பஞ்சத்துல லட்சக்கணக்குல சனம் செத்துப்போச்சு, அதுக்கப்புறம்தான் காட்லிங்கற வெள்ளக்கார இஞ்சினியர் 1842ல அந்தக் கால்வாய வெட்ட ஆரம்பிச்சு 1854ல தண்ணி விட்டாங்க, அந்த வேலைக்கு இஞ்சினியர் வேணும்னுதான் 1847ல நீ படிக்கிற காலேஜயே தொடங்குனாங்க. வயக்காட்டுத் தண்ணிக்காகப் பொறந்த காலேஜ்ல உக்காந்துகிட்டு வயல் தண்ணிய எடுக்கலாமான்னு நீ யோசிக்கலாமா? உன் டிபார்ட்மெண்ட் 1972ல வந்தது, நீர்வள டிபார்ட்மெண்ட் 1955லயே ஆசியா ஆப்பிரிக்கா இஞ்சினியர்களுக்கு ட்ரெயினிங் குடுக்க வந்தது, அங்க பாசனத்துக்குன்னே படிப்பு இருக்குன்னு நீதான சொன்ன. ஒரே கேம்பஸ்தானம்மா, நடந்து போய் கேளு.

நம்ம ஊரு கதை உனக்குத் தெரியும். மேட்டூர்ல ஜூன் 12 தொறந்தா கல்லணைக்கு மூணு நாலு நாள்ல வந்துடும், அங்கேந்து வெண்ணாறு, அது பிரிஞ்சு பிரிஞ்சு அரிச்சந்திரா நதி, அடப்பாறுன்னு தலைஞாயிறு பக்கம் வர்றதுக்குள்ள மேல இருக்கறவன் நாத்து விட்டு முடிச்சிருப்பான். நமக்குக் கெடைக்கறது மிச்சம். அதுக்கும் கீழ கடல் தண்ணி ஏறி வராம இருக்க கடைமடை இயக்கணை, அதான் ஆத்துக் கடைசில தண்ணிய தடுக்குற ரெகுலேட்டர், அதோட ஷட்டர எறக்கி வெச்சிருக்கணும். போர் போட்டா உப்பு. போன வருஷம் முறை வெச்சு விடுற தண்ணி வரலன்னு ஒரு ஆபீஸுக்குப் போனேன், அது விவசாயத்துக்காரங்கள கேளுன்னாங்க, அங்க போனா வாய்க்கால் எங்க கையில இல்லன்னாங்க, மூணாவது எடத்துல மனு எழுதி குடுங்கன்னாங்க, அதுக்குள்ள பயிரு மஞ்சளாயிடுச்சு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க துண்டு மட்டும்தான் பாக்குறாங்க. படிக்கிற எடத்துலயும் நீ அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான் எனக்குப் பயம்.

ஒரு விஷயம் கேளு. நம்ம தெக்கு வயல்ல ஒரு ஓட்டை போட்ட பிவிசி குழாய பொதச்சிருக்கேன், காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்றாங்கல்ல அதுக்கு. மேல தண்ணி வத்துனாலும் பயப்படாத, குழாய்க்குள்ள தண்ணி மண்ணு மட்டத்துலேந்து 15 சென்டிமீட்டர் எறங்குற வரைக்கும் வேருக்கு ஈரம் இருக்கும், அப்புறம் பாய்ச்சுனா போதும்கறது கணக்கு. மேட்டூர் தண்ணி நம்பி இருக்கற நமக்கு இது சாமி குடுத்த மாதிரி. ஆனா நம்ம மண்ணு உப்பு மண்ணு. காயவிட்டா உப்பு மேல பூத்துடும்னு உங்க தாத்தா காலத்துலேந்து தெரியும், அதனாலதான் நாம தண்ணி கட்டியே வெச்சிருப்போம். அப்போ நமக்கும் அதே 15தானா, இல்ல கம்மியா எறங்குனாலே பாய்ச்சணுமா? நான் கேட்டவங்க யாரும் தெளிவா சொல்லல. இதுல நிலத்தடி தண்ணி இருக்கு, உப்பு இருக்கு, ஆத்து முறை இருக்கு, பயிரு இருக்கு. எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு நீயே சொல்லு.

உன் கைடு கிட்ட தைரியமா கேளு பாப்பா. ரூர்க்கிலயே தேசிய நீரியல் நிறுவனம் இருக்கு, உப்பு ஏறுறத பத்தி தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. லீவுக்கு வர்றப்ப கோயம்புத்தூர் விவசாய யூனிவர்சிட்டில நீர் நுட்ப மையத்துக்கு ஒருதடவ போவோம், நானும் கூட வர்றேன். பனியும் வெள்ளமும் பெரிய விஷயம்தான், இல்லங்கல, அத எடுக்க ஆள் இருக்காங்க. இத எடுக்க கடைமடைல பொறந்த ஆளு அங்க நீ ஒருத்திதான் இருப்ப.

அம்மா பருப்புப் பொடி பார்சல் பண்ணிட்டா, திங்கக்கிழமை அனுப்புறேன். குளுருக்கு முன்னாடி ஸ்வெட்டர் வாங்கிடு, காசு போட்டு விடுறேன்.

புரட்டாசி வெயில் இன்னும் அடிக்குது. பத்து நாளா காலைல ஆறு மணிக்கு குழாய்ல ஸ்கேல விட்டு அளந்து நோட்ல எழுதி வெச்சிருக்கேன், இன்னிக்கு தண்ணி மண்ணு மட்டத்துலேந்து 9 சென்டிமீட்டர் கீழ இருக்கு. பக்கத்துல மண்ணு வெள்ள பூக்குதான்னும் எழுதுறேன். சாயங்காலமும் அளக்கணுமா, போட்டோ எந்தப் பக்கத்துலேந்து எடுக்கணும்னு சொல்லு, நாளைலேந்து அப்படியே செய்றேன்.

அப்பா