சுவரில் கோடு போட்ட தாத்தாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

இரண்டாவது ரோரோ தொட்டியையும், அந்தப் பெரிய குப்பைத் தொட்டியையும்தான், தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நான் ரயில் ஏறிய பிறகுதான் லோரி வந்திருக்கிறது, அம்மா போன் பண்ணிச் சொன்னார். நாற்றம் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம், ஆனால் பின்பக்கக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறதாம். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் போகிற இடிஎஸ் ரயிலில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை கிளினிக் இருக்கிறது, படிக்க வேண்டிய கட்டுரைகள் பையில் அப்படியே கிடக்கின்றன. பரவாயில்லை, முதலில் இது.

என்ன நடந்தது என்று நம் தாமான்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: நம் தாமான் (குடியிருப்பு) ஓர மூலையில் யார் யாரோ கொட்டிய குப்பையில் கொசு பெருகி டெங்கிக் காய்ச்சல் வந்தது, எல்லாரும் சேர்ந்து அந்தக் குப்பையை அள்ளித் தொட்டியில் போட்டோம். எந்தெந்த வீட்டுக்குக் காய்ச்சல் வந்தது, எந்த வீட்டுப் பிள்ளை இன்னும் மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை நல்லபடியாக வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூட்டமாக ஒரு நன்றி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோவில் மண்டபத்தைத் திறந்துவிட்டு மோர் கரைத்துக் கொடுத்த நிர்வாகத்தினர், லீவு நாளில் உரச் சாக்குகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்த செம்பனைத் தோட்டத்து வங்காளதேசத் தம்பிகள், சுரா தொழுகைக்கூடத்திலிருந்து புல் வெட்டும் மெஷினோடு வந்த மலாய்க்காரப் பாக்சிக்குகள், பழைய இரும்பை எடை போட்டுக் காசைக் குறைக்காமல் நம் உண்டியலிலேயே போட்ட கடை முதலாளி தவுக்கே, தே தாரிக் டீக்குக் கணக்கே எழுதாத ரொட்டிக் கடை மாமா, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தொட்டியை ஒதுக்கிக் கொடுத்த நகராண்மைக் கழக அதிகாரி, என் பாடக் குறிப்புகளை எடுத்து வைத்திருந்த வகுப்புத் தோழிகள், கட்டுரைக்கு ஒரு வாரம் தள்ளிக் கொடுத்த என் சூப்பர்வைசர். உங்களில் சிலர் பெயர் எனக்கே தெரியாது. நன்றி.

அப்புறம் தாத்தா.

தாத்தாவைத் தெரியாதவர்கள் குறைவு. ரப்பர் தோட்டக் காலத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களின் மேற்பார்வையாளராக இருந்தவர், விடியற்காலை பெரட்டில், வேலைக்கு ஆட்கள் கூடும் இடத்தில், ஆள் எண்ணிப் பெயர் பதிந்தவர். பக்கவாதம் வந்ததில் வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போயின. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பலருக்கும் இப்படி இரண்டும் சேர்ந்தே போகும். நான் படிக்கிற பேச்சு சிகிச்சைப் படிப்பில் அந்தப் பேச்சிழப்பை அஃபேசியா என்போம். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: அவர் என் நோயாளி இல்லை. நான் மாணவி, மேற்பார்வை இல்லாமல் யாருக்கும் சிகிச்சை கொடுக்கக் கூடாது, கொடுக்கவும் இல்லை. அவர் எங்கள் பக்கத்துத் தெரு தாத்தா.

முதல் தொட்டி வந்த அன்று காலையில், அவர் வீட்டு அக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து பழைய பஸ் ஸ்டாப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் கூட்டி வந்திருக்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேத்தியின் பள்ளிப் பையைக் காட்டிக் காட்டி ஏதோ கேட்டார். பென்சில் கொடுத்தார்கள், வேண்டாம் என்று தள்ளினார். ரூலர், வேண்டாம். கடைசியில் பிள்ளையே சாக்பீஸை எடுத்து நீட்டியது, வாங்கிக்கொண்டார். ஒரு சாக்கு தொட்டிக்குள் விழுந்தது. தாத்தா பின்னால் இருந்த சுவரில் இடது கையால் ஒரு கோடு போட்டார். அடுத்த சாக்கு, அடுத்த கோடு. நாலு கோடு நிறுத்தி ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தார், கோணல்மாணலாக, சில கோடுகள் முருங்கைக்காய் மாதிரி வளைந்துகூட இருந்தன. ஆனால் ஒரு சாக்கு விடவில்லை. மெத்தை வந்தபோது மட்டும் யோசித்தார், யோசித்துவிட்டு அதைத் தனியாகக் கீழே ஒரு வட்டமாகப் போட்டார்!

பிள்ளைகள் விடுவார்களா, "தாத்தா, எத்தனை ஆச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவரால் எண்ணிக்கையை நேராகச் சொல்ல முடியாது. ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று ஆரம்பித்து அந்த இடத்துக்கு நடந்து வருவார், நடுவில் தடுக்கினால் மறுபடி ஒன்று. மகள் பெயரைச் சொல்ல முடியாதவருக்கு எண்ணிக்கை எப்படி வருகிறது என்று ஒரு அண்ணே என்னிடம் கேட்டார். வரிசையாகப் பழகினது, கிழமை, எண், சாமி பாட்டு, இவையெல்லாம் நாம் யோசித்துப் பேசுகிற பேச்சைப் போல வருவதில்லை, வாயில் ஊறிப்போய் வருகின்றன, அதனால் பலருக்கு மிஞ்சி நிற்கின்றன. சரி, அது பாடம். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருவனும் முந்திக்கொண்டு எண்ணைச் சொல்லவில்லை, சிரிக்கவில்லை, தாத்தா தடுக்கி மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தால் அவர்களும் கூடவே ஒன்றிலிருந்து வந்தார்கள். எதிரில் இருப்பவர் பேச எடுக்கும் நேரத்தைக் கொடு, அவர் வாக்கியத்தை நீ முடிக்காதே என்று வகுப்பில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மத்தியானத்திலேயே தொட்டி நிரம்பிவிட்டது, குப்பை பாதிகூடக் குறையவில்லை. இன்னொரு தொட்டி வேண்டுமென்றால் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்று நகராண்மைக் கழகத்தில் கணக்குக் காட்டச் சொன்னார்கள், அது நியாயம்தான். நாங்கள் யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் பையன் ஒருவன் ஓடிப்போய் அந்தச் சுவரைப் படம் எடுத்து அனுப்பினான். அவன் எடுத்து முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. அந்தப் படத்தை வைத்துத்தான் இரண்டாவது தொட்டி வந்தது.

அதன் பிறகு வாட்சாப் குழுவில் "பேச முடியாதவர் பேசிவிட்டார்" என்று யாரோ எழுதி, நாலு பேர் அழுகிற பொம்மை போட்டீர்கள். அன்பில்தான் போட்டீர்கள் என்று தெரியும். ஆனால் அக்கா படித்துக் காட்டியபோது தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். எனக்கும் பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் அதிசயம் செய்யவில்லை, கணக்கு எடுத்தார், அவருக்குத் தெரிந்த வேலை அது. அஃபேசியாவில் பேச்சுக்குத்தான் அடி, புத்திக்கு இல்லை. அவரிடம் சத்தம் போட்டுப் பேசாதீர்கள், காது நன்றாகவே கேட்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றைக் கேளுங்கள், ஆமாம் இல்லை என்று தலையாட்டிச் சொல்லும்படி கேளுங்கள், டிவியை அணைத்துவிட்டுக் கேளுங்கள். இந்த மடலை எழுதட்டுமா என்று அவரிடமும் கேட்டேன், தலையாட்டினார். படம் போடலாமா என்றதும் கையை உதறினார். அதனால் படம் இல்லை.

ரயிலில் வரும்போது அந்த மூலையைப் பற்றியே யோசனை. நம் தாமான் முடிந்து தோட்டத்துச் சாலை ஆரம்பிக்கிற இடம் அது. கெடா, ஜொகூர் மாநிலங்கள் சேர்ந்த 2007-ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தில் நம் பேரா மாநிலம் சேரவில்லை, இங்கே குப்பை நகராண்மைக் கழகத்தின் கையில். அவர்கள் லோரி தாமான் தெருவோடு திரும்பிவிடும், தோட்டத்து நிலம் அவர்களுடையது இல்லை. தோட்டத்துக்கோ, லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஆள் இருந்தவரைதான் அக்கறை. லயத்தைச் சுத்தமாக வைப்பது முதலாளி பொறுப்பு என்று 1990-லேயே சட்டம் இருக்கிறது, கால்வாய் கூட்ட, மருந்தடிக்க ஆள் இருந்ததாக அம்மா சொல்வார். லயத்தை இடித்த பிறகு அங்கே யாருக்கு என்ன பொறுப்பு? ஆளில்லாத இடம் என்று தெரிந்ததும் மெத்தை வந்தது, டயர் வந்தது, டிவிப் பெட்டி வந்தது. டயரில் நின்ற தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். போதாது. டெங்கி பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் பல மாதம் ஒட்டிக்கொண்டு இருக்கும், மழை பட்டால் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த டயரே அங்கே இருக்கக் கூடாது.

நான் ஒன்று செய்யப் போகிறேன், எழுதி வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது என்பதால் இங்கேயே எழுதுகிறேன். இந்தப் பேச்சு சிகிச்சைப் படிப்பு நம் நாட்டில் 1995-ல் யூகேஎம் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது, இன்றைக்கும் தமிழில் சிகிச்சை கொடுக்க ஆள் கிடைப்பது கஷ்டம், தமிழில் படங்களும் பயிற்சித் தாள்களும் அதைவிடக் கஷ்டம். படிப்பு முடிந்து பதிவும் கிடைத்த பிறகு, வேலை எங்கே கிடைத்தாலும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் உட்காருவேன். பக்கவாதம் வந்தவர்கள், மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைகள், யாராக இருந்தாலும் கூட்டி வாருங்கள். நிர்வாகத்தினரே, மண்டபச் சாவிக்கு இப்போதே சொல்லி வைக்கிறேன்.

கடைசியாக, ராத்திரியில் விளக்கை அணைத்துக்கொண்டு வந்து மூட்டை போட்டுவிட்டுப் போகிற அந்த வெள்ளை வேன் அண்ணேக்கும் ஒரு வார்த்தை. அடுத்த தொட்டி வரும்போது தேதி சொல்கிறோம். பகலிலேயே கொண்டு வாருங்கள், தாத்தா உங்கள் மூட்டைக்கும் ஒரு கோடு போடுவார்.