அண்ணா சைக்கிள் போட்டியில் நால்வர் அணிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரறிஞர் அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஆண்டுதோறும் செப்டம்பரில் மாவட்டந்தோறும் மாணவர் சைக்கிள் போட்டி நடக்கிறது. 13, 15, 17 வயதுப் பிரிவுகள், 10 முதல் 20 கி.மீ. தூரம், சாதாரணக் கைப்பிடி வைத்த உள்நாட்டு சைக்கிள். வேலூரில் பல பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாக வேகமாக மிதிப்பது அன்றைக்குத்தான் முதல்முறை. அதை யாரும் அவர்களுக்குப் பழக்கியிருப்பதில்லை. முதல் 200 மீட்டரில் நாலு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுவதற்கு அவசரத்தைவிட அந்த அறியாமையே காரணம்.

கூட்டமாக மிதிப்பதைப் பழக்க, இந்தப் போட்டியோடு நால்வர் அணிக்கான 10 கி.மீ. நேரப் பந்தயம் ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட விளையாட்டு அலுவலகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். பெரிய செலவு இல்லை. அணிக்கு அணி இரண்டு நிமிட இடைவெளி விட்டுக் கிளப்பினால் போதும். மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது கடிகாரத்தை நிறுத்த வேண்டும். வெலோட்ரோமில் (சரிவான வளைவுகள் கொண்ட சைக்கிள் பந்தயத் தளத்தில்) நடக்கும் 4 கி.மீ. அணிப் பந்தயத்திலும் மூன்றாம் ஆளின் நேரம்தான் கணக்கு. ஒரே ஆள் பறந்து போய்ப் பயனில்லை, மூன்று பேரைக் கூட்டி வந்து சேர்க்க வேண்டும். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் சைக்கிளே இதற்குத் தோது. நால்வருக்கும் ஒரே பல்சக்கரம் என்பதால், காசு கொடுத்து வேகம் வாங்க வழியில்லை!

மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதில் போய்விடும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். ஒட்டி என்றால் தேர்ந்தவர்களுக்கு ஒரு முழத்துக்கும் குறைவு, பழகுகிறவர்களுக்கு ஒரு மீட்டர். நம் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் மட்டும் நுழைந்துவிடக் கூடாது. உரசினால் முன்னவருக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருப்பவர்தான் விழுவார். சைக்கிளை நிமிர்த்திப் பிடிப்பதே முன்சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பித்தான். உரசிய சக்கரம் திரும்பாது.

இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. எழும் நொடியில் சைக்கிள் ஒரு சாண் பின்வாங்கும். மிதியை விடாமல் அழுத்திக்கொண்டே எழ வேண்டும்.

நால்வரும் ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள், முன்னவர் தன் முறை முடிந்ததும் விலகி வரிசையின் கடைசிக்குப் போவார். அணியில் பெரும்பாலும் கெடுவது இப்படி ஆள் மாறும் இடம்தான். 30 கி.மீ. வேகத்தில் 30 நொடி என்றால் 250 மீட்டர், அதாவது சர்வதேச அளவு வெலோட்ரோமில் ஒரு சுற்று. முன்னால் இருக்கும் முறை அவ்வளவு போதும். வெலோட்ரோமில் முன்னவர் வளைவின் சரிவில் மேலே ஏறுவார், ஏற்றமே அவர் வேகத்தைக் குறைக்கும். பிறகு இறங்கி வந்து கடைசிச் சக்கரத்தைப் பிடிப்பார். சாலையில் சரிவு கிடையாது. விலகியவர் மிதிப்பதை அடியோடு நிறுத்தாமல் கொஞ்சம் தளர்த்த வேண்டும். கடைசி ஆளின் தோள் தன் தோளுக்கு நேராக வரும்போதே மறுபடி இறுக்க வேண்டும். அவர் கடந்த பிறகு இறுக்கினால் ஐந்து மீட்டர் இடைவெளி விழும், அதை மூடுவதற்குள் கால் காலியாகிவிடும். புதிதாக முன்னால் வந்தவருக்கோ உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டவே கூடாது. பலசாலி அதிக நேரம் முன்னால் இருக்கட்டும், அதிக வேகத்தில் வேண்டாம்.

பயிற்சிக்குச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வேண்டவே வேண்டாம். லாரி ஆபத்து ஒருபுறம் இருக்கட்டும், வெடித்த லாரி டயர்களின் கம்பித் துணுக்கு ஓரமெல்லாம் கிடக்கும். கணியம்பாடி வழி ஆரணி சாலையில் விடியற்காலையில் பழகலாம், ஆனால் ஆடியில் மேற்கத்திக் காற்று பலமாக இருக்கும். தெற்கே போகும்போது அது வலப்பக்கம் அடிக்கும். காற்று வரும் பக்கம்தான் முன்னவர் விலக வேண்டும் என்பதால், வண்டிகளின் குறுக்கே விலகும்படி ஆகும். ஆகவே போகும்போது 50 மீட்டர் இடைவெளியில் தனித்தனியே போய், திரும்பும்போது வரிசை கட்டலாம். அப்போது காற்று இடப்பக்கம். ஓரம் தாராக உள்ள இடங்களில் மட்டும் ஆள் மாறட்டும். சீமைக்கருவேல முள் விழும் மண் ஓரத்தில் இறங்கினால் அன்றைய பயிற்சி பஞ்சர் கடையில்தான் முடியும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் தனியாக ஏறிப் பழக நல்லவை, வரிசைப் பயிற்சிக்கு உதவா.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது காட்டர் பின், அதாவது மிதித் தண்டை அச்சோடு இறுக்கும் ஆணி. அது தளர்ந்தால் மிதி ஆடும், எழுந்து அழுத்தும்போது கால் நழுவும். அடுத்து பின்சக்கர நட்டு. இறுக்கம் போதாவிட்டால் சக்கரம் முன்னே இழுபட்டு செயின் கழன்றுவிடும். செயினில் தொய்வு ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். கேரியர், முன்கூடை, ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். கைப்பிடி முனையின் ரப்பர் மூடியை மட்டும் கழற்றக் கூடாது. திறந்த குழாய் முனை வயிற்றில் பட்டால் ஆழமாகக் கிழித்துவிடும்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின் சைக்கிள் பந்தயம் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூர் வெலோட்ரோமில் நடந்தது. வேலூர்ப் பிள்ளைகளுக்கு அது நூறு கி.மீ.க்கும் அப்பால். அங்குள்ள சைக்கிளுக்கு பிரேக்கும் இல்லை, மிதிக்காமல் ஓடவும் விடாது. ஆள் மாறும் பழக்கத்தை இங்கேயே கற்றுக்கொண்டு போனால், அங்கே சரிவை மட்டும் பழகினால் போதும்.

போட்டி அறிவிப்பு ஆடி முதல் வாரத்திலேயே வந்தால் செப்டம்பர் 15-க்குள் எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்கும்.

இப்படிக்கு,
மாணவர்களுக்கு சைக்கிள் பந்தயம் பழக்குவோர்,
காட்பாடி.